உங்களுக்குத் தெரியுமா? செத்தாலும் விடாத சர்வே!

அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1992-லிருந்து ஒரு பெருங்கூட்டத்தை விடாமல் பின்தொடர்கிறது. 50 வயதைத் தாண்டியவர்களும் அவர்களின் துணைகளும்தான் குறி. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கேள்விகளோடு வந்துவிடுவார்கள். ஒரு சுற்றுக்குச் சுமார் 20,000 பேர்!

சர்க்கரை, பிரஷர் மட்டுமா கேட்கிறார்கள்? சேமிப்பு எவ்வளவு, எப்போது ரிட்டயர்மென்ட், பிள்ளைகள் உதவுகிறார்களா, தனிமை வாட்டுகிறதா... எல்லாமே! கைப்பிடியின் வலு, நடையின் வேகம், விரல்நுனி ரத்தம், எச்சிலில் மரபணு என்று பரிசோதனையும் தனியாக நடக்கிறது. டாக்டருக்கும் பொருளாதார நிபுணருக்கும் மனநல ஆய்வாளருக்கும் ஒரே புதையல்!

ஆள் இறந்துபோனால்? அப்போதும் சர்வே நிற்காது! வீட்டாரைத் தேடிப்பிடித்து, கடைசி நாட்களின் வைத்தியச் செலவு வரை கேட்டு எழுதிக்கொள்வார்கள்!

நம் நாட்டிலும் இதே பாணி ஆய்வு உண்டு. மும்பையின் மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தோடு ஹார்வர்டும் தெற்கு கலிஃபோர்னியா பல்கலைக்கழகமும் கைகோத்தன. 2017-18 முதல் சுற்றிலேயே 72,000 பேருக்கு மேல். அமெரிக்காவைப் போல் மூன்று மடங்கைத் தாண்டிவிட்டோம்!

இப்போது சொல்லப்போவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 1932 ஜூன் 1. ஸ்காட்லாந்தில் 1921-ல் பிறந்த பள்ளிப் பிள்ளைகள் 87,498 பேர் ஒரே நாளில் அறிவுத்திறன் தேர்வு எழுதினார்கள். மதிப்பெண் பதிவேடுகள் பல பத்தாண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தன. 1990-களில் எடின்பரோ, அபர்டீன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கண்ணில் பட்டதே, அடித்தது யோகம்! 1998 ஜூன் 1, சரியாக 66 வருடம் கழித்து, அவர்களில் சிலரை அபர்டீனில் உட்காரவைத்து அதே தேர்வை எழுதச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு இப்போது வயது 77. சராசரி மதிப்பெண் 11 வயதில் எடுத்ததைவிட அதிகம்!

அமெரிக்காவில் 678 கன்னியாஸ்திரிகள், இறந்தபின் தங்கள் மூளையையே ஆராய்ச்சிக்குத் தருவதாக எழுதிக்கொடுத்தார்கள்! இளம் வயதில் அவர்கள் எழுதிய சுயசரிதைக் கட்டுரைகள் மடத்தில் பத்திரமாக இருந்தன. கருத்துச் செறிவு குறைந்த கட்டுரை எழுதியவர்களைத்தான் அல்சைமர் அதிகம் தாக்கியிருந்தது. கட்டுரைக்கும் நோய்க்கும் நடுவே ஏறக்குறைய 60 வருடம்!

லண்டனில் 1967-ல் தொடங்கிய வொயிட்ஹால் ஆய்வு அரசு ஊழியர்களை அலசியது. கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உயர் அதிகாரிகளைவிட மூன்று மடங்கு!

மூப்பைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் எவ்வளவு கூடுதலாக வாழ்ந்தார்கள்? ஒஹையோவில் 660 பேரின் பதில்களை வைத்து 2002-ல் யேல் பல்கலைக்கழகத்தின் பெக்கா லெவி குழு கணக்குப் போட்டது. ஏழரை வருடம்!

சரி, அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்கு ரிட்டயர்மென்ட் வயது என்ன? 1994 ஜனவரியிலிருந்து அப்படி ஒரு கட்டாயமே கிடையாது! டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் குட்இனஃப் 2019-ல் லித்தியம் அயான் பேட்டரிக்காக நோபல் வாங்கினார். அப்போதும் பேராசிரியர் வேலையில்தான் இருந்தார். வயது 97!