தொட்டியில் போட்டால் மல்லி முளைக்குமா?

"உங்கள் கடை மல்லியைத் தொட்டியில் போட்டால் முளைக்குமா?" என்று கேட்கும் வாடிக்கையாளர்களை மளிகைக் கடைக்காரர்களாகிய நாம் அடிக்கடி சந்திக்கிறோம். "முளைக்கும், கொண்டு போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டு, முளைக்காமல் போனால் கெடுவது நம் கடையின் பெயர்தான். எனவே விவரம் தெரிந்து பதில் சொல்வோம்.

நாம் விற்பது சமையலுக்கான மல்லி. புதுச் சரக்கு பெரும்பாலும் முளைக்கும். கிடங்கில் வெப்பமும் ஈரமும் பட்டு நாள்பட்ட சரக்கில் முளைப்புத் திறன் குறைந்துவிடும். அதனால் அது குழம்புக்கு ஆகாது என்று பொருளல்ல. நூறு மல்லியை எடுத்து ஈரத்துணியில் வைத்து, இரண்டு வாரம் ஈரம் காயாமல் பார்த்து எண்ணினால் சரக்கின் நிலை தெரிந்துவிடும். பாதிகூட முளைக்கவில்லை என்றால் "இது தொட்டிக்கு ஆகாது" என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவோம்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியவை:

1. அடியில் துளையுள்ள, 8 அங்குல ஆழத் தொட்டி போதும். செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம அளவில் கலக்கவும்.

2. ஒரு மல்லிக்குள் இரண்டு விதைகள் உண்டு. பலகையால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்து, ஓர் இரவு ஊற வைத்து, அரை அங்குல ஆழத்தில் விதைக்கவும்.

3. முளைக்க 8 முதல் 15 நாள் ஆகும். அதற்குள் கிளறிப் பார்க்கக் கூடாது. தண்ணீரைத் தெளிக்க வேண்டும், ஊற்றக் கூடாது. நாற்றைப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் அறுந்துவிடும்.

4. சுமார் 40 நாளில் கீரை பறிக்கலாம். கோடையில் நண்பகல் வெயில் படாமல் வைக்கவும். வெப்பம் மிகுந்தால் சீக்கிரம் பூத்துவிடும்.

அவசரப்படுபவர்களுக்கு வெந்தயம் ஏற்றது. ஊற வைத்து விதைத்தால் ஒரு வாரத்துக்குள் முளைத்து, 25 நாளில் கீரையாகும். புதினாவுக்கு விதை தேட வேண்டாம். கட்டில் உள்ள முற்றிய தண்டை நட்டாலே வேர் விடும்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. விதைக்கென்றே வரும் பொட்டலங்களில் பூஞ்சாணக் கொல்லி கலந்திருக்கலாம். அவற்றை மளிகைச் சரக்கோடு சேர்த்து வைக்கவே கூடாது. விற்காமல் மீந்ததை மல்லி மூட்டையில் கொட்டினால் ஒரு குடும்பமே நஞ்சு உண்ணும். விதை விற்பனைக்கு 1983-ஆம் ஆண்டின் விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் தேவை என்பதையும் மறவாதிருப்போம்.

கால் கிலோ மல்லியில் கிடைக்கும் லாபம் சிறிது. உண்மையைச் சொன்ன கடையைத் தேடி வாடிக்கையாளர் மீண்டும் வருவதே நமக்குப் பெரிய லாபம்.