ஊமைப் பெட்டியை எழுப்புவது எப்படி?

பொன்னேரி பஸ் நிலையத்தில், பழவேற்காட்டு பஸ்ஸை எதிர்பார்த்து நின்றுகொண்டிருந்தேன். காலை எட்டு மணிதான் இருக்கும். கைப்பேசி அலறியது. சென்னையிலிருந்து மாமியார்.

"ஏம்மா, இந்தப் பாட்டுப் பெட்டி இன்னிக்கு வாயே திறக்க மாட்டேங்குதே! கந்த சஷ்டி கவசம் போடுன்னு பத்துத் தரம் சொல்லிட்டேன். சுத்திச் சுத்தி வெளிச்சம் காட்டுது, அவ்வளவுதான்!"

"பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்க, அம்மா."

"பிளக்கு பீரோவுக்குப் பின்னாலே இல்லே இருக்கு? என் முழங்காலை வச்சுக்கிட்டு நான் பீரோவை நகர்த்தவா?"

நியாயமான கேள்விதான். அந்தப் பெட்டியை வாங்கி, ஒயர் வெளியே தெரியக்கூடாது என்று பீரோவுக்குப் பின்னால் மறைத்து வைத்த சாமர்த்தியசாலி அடியேன்தான். பஸ் வருவதற்குள் கைப்பேசியில் அந்தப் பெட்டிக்குரிய செயலியைத் திறந்தேன். நாலு இடத்தில் விரலை வைத்தேன். இரண்டு நிமிஷம் சென்று மாமியார் மறுபடியும் பேசினார். பின்னணியில் கவசம் கணீரென்று கேட்டது. "நீ பொன்னேரியிலிருந்து என்னம்மா பண்ணினே?" என்று அவர் கேட்டதற்கு அப்போது பதில் சொல்ல நேரமில்லை. பஸ் வந்துவிட்டது. அந்தப் பதிலை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன்.

உங்களில் பலர் வீட்டிலும் இந்தப் பெட்டி வந்துவிட்டது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விளக்கு எரியும். பாடச் சொன்னால் பாடும். குக்கரை இறக்க ஞாபகப்படுத்தச் சொன்னால் ஞாபகப்படுத்தும். பார்ப்பதற்கு ரேடியோ மாதிரி இருந்தாலும் அது ரேடியோ அல்ல. ஸ்பீக்கர் வேஷம் போட்ட கம்ப்யூட்டர். கம்ப்யூட்டருக்கு உள்ள சீக்கெல்லாம் அதற்கும் உண்டு.

சமையல் மேடையை நினைத்துக்கொள்ளுங்கள். வேலை நடக்க நடக்கப் பாத்திரங்கள் சேருகின்றன. கழுவி எடுத்து வைத்துக்கொண்டே வந்தால் சரி. நாலு நாள் கழுவாமல் விட்டால்? கரண்டி வைக்கக்கூட இடமில்லாமல் சமையல் நின்றுவிடும். பெட்டியின் வேலை நினைவகமும் அப்படிப்பட்ட மேடைதான். சரியாக எழுதப்படாத புரோகிராம் ஒன்று எச்சில் பாத்திரங்களை அங்கேயே போட்டுவிட்டுப் போய்விடும். மறுபடி துவக்குவது என்றால், மேடையை ஒரேயடியாகத் துடைத்துவிட்டு அடுப்பைப் புதிதாகப் பற்ற வைப்பது. அலமாரியில் இருக்கும் மளிகைக்கு ஒன்றும் ஆகாது. உங்கள் வைஃபை ரகசியச் சொல், பிடித்த பாட்டுப் பட்டியல் எல்லாம் பத்திரமாக இருக்கும்.

இன்னொரு காரணம் முகவரி. வீட்டிலுள்ள ரௌட்டர், ஒவ்வொரு சாதனத்துக்கும் ஒரு எண் முகவரி கொடுத்து வைக்கிறது. கரண்டு போய்த் திரும்பும்போது சில சமயம் கதவிலக்கம் மாறிவிடும். பெட்டி பழைய இலக்கத்தையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் தபால் எப்படி வந்து சேரும்? புதிதாக எழுப்பினால் அது புதிய இலக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

சரி, பிளக்கைத் தொடாமல் எழுப்புவது எப்படி? அது எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்தது. கூகுள் கம்பெனியின் ஸ்பீக்கர் என்றால் வேலை சுலபம். கைப்பேசியில் 'கூகுள் ஹோம்' செயலியைத் திறந்து, ஸ்பீக்கரின் பெயரைத் தொட்டு, அமைப்புகளுக்குப் போனால், மூலையிலுள்ள மூன்று புள்ளிகளுக்குள் 'ரீபூட்' என்று ஒன்று ஒளிந்திருக்கும். வேறு சில பெட்டிகளில், வீட்டு வைஃபைக்குள் மட்டும் தெரிகிற ஒரு குட்டிப் பக்கம் இருக்கும். பெட்டியின் எண் முகவரியைத் தட்டினால் அது திறக்கும். முன்பெல்லாம் இப்படிப்பட்ட பக்கங்கள் பூட்டில்லாத வாசலாக இருந்ததும் உண்டு. விருந்துக்கு வந்த வாண்டு நடுநிசியில் உங்கள் ஸ்பீக்கரை அணைத்து அணைத்து எழுப்பி விளையாடலாம்! அதனால் அவற்றுக்கு ரகசியச் சொல் போடுவது அவசியமாகிவிட்டது. பிளக்கைப் பிடுங்கிச் செருகுவதைத் தவிர வேறு வழி வைக்காத பெட்டிகளும் கடையில் இருக்கின்றன. வாங்கும்போதே கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஒரு எச்சரிக்கை. 'ரீபூட்' வேறு, 'ஃபாக்டரி ரீசெட்' வேறு. முன்னது மேடையைத் துடைப்பது. பின்னது வீட்டையே காலி செய்வது. அவசரத்தில் பின்னதைத் தொட்டுவிட்டால் மளிகையும் போய்விடும்.

'கைப்பேசியிலிருந்தே அணைத்து ஏற்றுகிற ஸ்மார்ட் பிளக் இருக்கிறதே, அதை மாட்டிவிட்டால் போகிறது' என்று கெட்டிக்காரச் சகோதரிகள் சொல்வார்கள். ஸ்பீக்கருக்கு மாட்டலாம், தவறில்லை. அது தன் புரோகிராமைப் புதுப்பித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் அணைக்காதீர்கள். ஆனால் அதே பிளக்கை ரௌட்டருக்கு மாட்டிப் பாருங்கள். 'அணை' என்றால் அணைத்துவிடும். பிறகு 'ஏற்று' என்று சொல்வீர்கள். யார் காதில் விழும்? அந்தச் சொல்லைக் கொண்டு வர வேண்டிய ரௌட்டரைத்தான் அணைத்தாயிற்றே! வீட்டுக்குள் சாவியை வைத்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்திய கதைதான்.

தொலைவிலிருந்து எழுப்புகிற வித்தை அத்தனைக்கும் அடிப்படை இதுதான்: மற்றதெல்லாம் தூங்கிவிட்டாலும், பெட்டிக்குள் ஒரு காது மட்டும் விழித்திருக்க வேண்டும். அன்று காலை மாமியார் பெட்டியின் அந்தக் காது விழித்திருந்தது. அதனால் நான் தப்பினேன்.

பழவேற்காட்டில் இறங்கியபோதும் இந்த எண்ணம் என்னை விடவில்லை. போயிருக்கிறீர்களா? டச்சுக்காரர்கள் 1613-இல் கட்டிய கெல்டிரியா கோட்டையின் இடிபாடு, அவர்களுடைய கல்லறைகள், பாலத்தைத் தாண்டினால் லைட் ஹவுஸ் குப்பம். கண்ணுக்கெட்டிய மட்டும் ஏரி. அதன் பெரும் பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. வடக்கே, ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள தீவு ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் ஏறுகிற நாட்களில் இங்குள்ள மீனவர்களைக் கடலுக்குப் போக வேண்டாம் என்று நிறுத்தி வைக்கிறார்கள்.

ஏறிப் போகிற செயற்கைக் கோள் ஊமையாகிவிட்டால் யார் போய்ப் பிளக்கைப் பிடுங்குவது? நடந்திருக்கிறது. 'கேலக்ஸி 15' என்று ஒரு கோள், அமெரிக்க டெலிவிஷன் நிகழ்ச்சிகளைச் சுமந்தது. 2010 ஏப்ரலில் திடீரென்று பூமியின் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. ஆனால் வாயை மூடவில்லை! ஒலிபரப்பிக்கொண்டே தன் இடத்தைவிட்டு நகர்ந்து மற்றக் கோள்களின் பக்கம் போகத் தொடங்கியது. 'நடைப்பிணம்' என்றே பத்திரிகைகள் பெயர் வைத்துவிட்டன. கீழேயிருந்து எத்தனையோ கட்டளைகள் அனுப்பிப் பார்த்தார்கள்; பலிக்கவில்லை. கடைசியில் அந்த டிசம்பரில் பாட்டரி முழுவதும் வற்றி, தானே அணைந்து, தானே எழுந்தது. எழுந்ததும் சாதுவாகப் பேச்சைக் கேட்டது. எட்டு மாதக் கூத்துக்குப் பிறகு, பிளக் தானாகவே பிடுங்கிக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ஆகவேதான் யந்திர நிபுணர்கள் இப்படிப்பட்ட சாதனங்களுக்குள் காவல் கடிகாரம் ஒன்றை வைக்கிறார்கள். தெருக் கோடியில் தனியாக இருக்கும் பாட்டி தினமும் விடியற்காலையில் வாசல் தெளித்துக் கோலம் போடுகிறாள். ஒரு நாள் கோலம் இல்லையென்றால் எதிர் வீட்டுக்காரி ஓடிப் போய்க் கதவைத் தட்டுவாள் அல்லவா? அதே ஏற்பாடுதான். புரோகிராம் குறித்த நேரத்துக்கு ஒரு முறை கடிகாரத்துக்கு ஒரு கோலம் போட வேண்டும். போடத் தவறினால் கடிகாரம் யாரையும் கேட்காமல் யந்திரத்தை அணைத்து எழுப்பிவிடும்.

1997 ஜூலை 4-ஆம் தேதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய 'பாத்ஃபைண்டர்' இப்படித்தான் பிழைத்தது. இறங்கிச் சில நாட்களில் அது அடிக்கடி தானே அணைந்து எழ ஆரம்பித்தது. காரணம் வேடிக்கையானது. மூன்று மருமகள்கள் உள்ள சமையலறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குட்டி அரிவாள்மணையை வைத்திருக்கிறாள். மூத்தவளுக்கு அது அவசரமாக வேண்டும், காத்திருக்கிறாள். நடுவிலுள்ளவள் கடைக்குட்டியை வேறு வேலைக்கு இழுத்து நிறுத்திவிடுகிறாள். அரிவாள்மணை கை மாறவே இல்லை, மூத்தவளின் வேலை நின்றது, கோலம் தவறியது, கடிகாரம் யந்திரத்தையே அணைத்து எழுப்பியது. பூமியில் இருந்த இரட்டை யந்திரத்தில் நிபுணர்கள் அந்தப் பிசகைக் கண்டுபிடித்து, திருத்தத்தை இங்கிருந்தே அனுப்பிச் சரி செய்தார்கள்.

செவ்வாய் இருக்கட்டும். கடற்கரைக் குப்பங்களில் கோயில் பக்கத்திலோ பொதுக் கூடத்திலோ குழாய் ஸ்பீக்கர் இல்லாத ஊர் அபூர்வம். திருவிழாப் பாட்டும் அதில்தான், சாவுச் செய்தியும் அதில்தான், புயல் எச்சரிக்கையும் அதில்தான். என் வீட்டுப் பெட்டி ஊமையானால் ஒரு கவசம் தவறும். இது ஊமையானால்?

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சுமத்ரா பக்கம் கடலடி பூமி அதிர்ந்தது நம் கணக்கில் காலை 6.29-க்கு. தமிழ்நாட்டுக் கரையை அலை அடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் கரையோர ஊர்களுக்குச் செய்தி சொல்ல அன்று ஏற்பாடு இல்லை.

புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்ற மீனவ ஊர் மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. 1998-இலிருந்து எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பகுதிக் கிராமங்களில் அறிவு மையங்களை ஏற்படுத்தி வந்தது. பக்கத்து வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணிப்பை இன்டர்நெட்டில் எடுத்து, ஸ்பீக்கரில் தமிழில் வாசிப்பார்கள். நல்லவாட்டிலும் மையம் இருந்தது, ஸ்பீக்கர் இருந்தது. அன்று காலை அது இருந்த கூடம் பூட்டியிருந்தது.

அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். அங்கே செய்தியைக் கேட்டுக் கலங்கி வீட்டுக்குப் போன் செய்தார். வீட்டுக்குள் கடல் தண்ணீர் வருகிறது என்று பதில் வந்தது. உடனே ஓடுங்கள், ஊரையும் எழுப்புங்கள் என்றார் அவர். ஊரார் கூடத்தை உடைத்துத் திறந்தார்கள்; ஸ்பீக்கரில் கத்தினார்கள். 3,500 பேருக்கு மேல் வசித்த ஊர் காலியாயிற்று. வீடுகள் போயின, படகுகள் போயின, ஜனங்கள் பிழைத்தார்கள்.

கவனித்தீர்களா? தொலைவிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆனால் ஸ்பீக்கருக்கு விழித்த காது இல்லை. காது வேலையை ஒரு வீட்டுப் போன் செய்தது. பிளக் வேலையை ஊரார் கைகள் செய்தன.

அதன் பிறகு ஏற்பாடுகள் மாறின. ஹைதராபாத்தில் 2007-இல் சுனாமி எச்சரிக்கை மையம் ஏற்பட்டது. ஒடிசா அரசு 2018-இல் தன் கடற்கரை நெடுக 122 கோபுரங்களில் சைரன் வைத்தது. புவனேசுவரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் அத்தனையும் ஒன்றாக அலறும். இன்டர்நெட் ஒன்றையே நம்பாமல் ரேடியோவையும் சாட்டிலைட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு காது செவிடானாலும் இன்னொரு காது கேட்க வேண்டுமே! அடுத்த ஆண்டே 'ஃபானி' புயல் வந்தது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தினார்கள். 2023-இல் நம் கைப்பேசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வினோதமாக ஊளையிட்டுப் பயமுறுத்தியது நினைவிருக்கும். அதுவும் இதே நோக்கத்துக்கான சோதனைதான். பலர் அலுத்துக்கொண்டார்கள். நானும்தான்.

பழவேற்காட்டிலிருந்து திரும்ப இருட்டிவிட்டது. மாமியார் வாசலிலேயே, "பெட்டி சாயங்காலம் வரைக்கும் நல்லாப் பாடிச்சு. நாளைக்கு மறுபடி ஊமையாகி, நீயும் போன் எடுக்கலேன்னா நான் என்னம்மா பண்றது?" என்று கேட்டார்.

சாப்பிடுவதற்கு முன்பே, நானும் என் கணவருமாகப் பீரோவை அரை அடி நகர்த்தி வைத்தோம்.