வரிசை தவறினால் விளையாட்டும் நின்றுவிடும்

தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு வரிசையின் அருமையை நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பறித்த கொழுந்து ஆலைக்குள் வந்ததும் முதலில் வாட வைக்கப்படுகின்றது. பின்னர் இயந்திரத்தில் இட்டு உருட்டப்படுகின்றது. அதன் பின் காற்றுப்படப் பரப்பிப் புளிக்க வைத்து, சூட்டில் உலர்த்தி, ஈற்றிலே சலித்துத் தரம் பிரிக்கின்றனர். வாடாத பச்சை இலையை உருட்டினால் அது சுருளாமல் நொறுங்கும்; உலர்ந்த இலையையோ புளிக்க வைக்கவே இயலாது. இயந்திரங்கள் அத்தனையும் பழுதின்றி இருந்தும், கொழுந்தும் முதல் தரமாக இருந்தும், வரிசை பிசகினால் தேயிலை கெட்டது கெட்டதே.

ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கணினி விளையாட்டில் நாட்டங்கொண்ட மாணவர் பலர் இன்று படும் பாடும் இத்தகையதே. அவர்கள் வாங்கிய விளையாட்டை அப்படியே ஆடுவதில்லை. ‘மொட்’ எனப்படும் சேர்க்கைகளை அதனுள் புகுத்தி, தம் விருப்பப்படி மாற்றிக்கொள்கின்றனர். செக் நாட்டு நிறுவனமொன்று 2012-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2’ என்ற விளையாட்டிலே, ஐரோப்பியப் பாரவூர்திகளுக்குப் பதிலாக நம் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் சிவப்புப் பேருந்தை ஓட்டி மகிழும் பிள்ளைகள் உண்டு. மலைநாட்டு வளைவுகளில் அந்தப் பேருந்தின் முன்னிருக்கையில் அமர்ந்து சென்றவருக்கு அந்த ஆசை ஏன் எழுகின்றதென்பது விளங்கும்.

ஒரு சேர்க்கை மட்டும் இருக்கும்வரை தொல்லையில்லை. பத்தாகி, ஐம்பதாகி, இருநூறாகும்போதுதான் வினை விளைகின்றது. இரு சேர்க்கைகள் ஒரே பொருளை மாற்ற முனைந்தால் எதன் சொல் செல்லும்? அதைத் தீர்மானிப்பது அவை ஏற்றப்படும் வரிசையே. ஆனால் வரிசையின் பொருள் எல்லா விளையாட்டிலும் ஒன்றன்று. மேற்சொன்ன பாரவூர்தி விளையாட்டில் பட்டியலின் மேலே நிற்பதே வெல்லும். அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் 2011 நவம்பர் 11-ஆம் தேதி வெளியிட்ட புகழ்பெற்ற ‘ஸ்கைரிம்’ விளையாட்டிலோ இறுதியாக ஏற்றப்படுவதே வெல்லும். ஒன்றில் பழகிய கையுடன் மற்றொன்றிற்குச் செல்லும் மாணவர், பட்டியலைத் தலைகீழாக அடுக்கிவிட்டு இரவெல்லாம் தவிப்பதுண்டு.

ஸ்கைரிம் விளையாட்டின் சேர்க்கைகளை வரிசைப்படுத்தவென்றே ஒரு கருவி இருக்கின்றது. ‘லூட்’ என்பது அதன் பெயர். அதற்கு முன்னோடியாக ‘பொஸ்’ என்றொரு கருவி விளங்கிற்று. 2014-ஆம் ஆண்டில் லூட் அதன் இடத்தைப் பெற்றது. எந்தச் சேர்க்கை எதற்குப் பின் வரவேண்டும், எதற்கு எது துணை வேண்டும் என்ற விதிகளைத் தன்னார்வலர் பலர் கூடித் தொகுத்த பெரும் பட்டியலொன்று இக்கருவியிடம் உண்டு. பொத்தானை அழுத்தியதும் அது அவ்விதிகளைப் பார்த்து வரிசையை அமைத்துத் தருகின்றது. இவ்வளவு வசதி இருந்தும் விளையாட்டு நின்றுவிடுகின்றதே என்பதுதான் மாணவரின் முறையீடு. மீண்டும் மீண்டும் அதே பொத்தானை அழுத்துவதும், பலனில்லையெனில் அனைத்தையும் அழித்து, காசு கொடுத்து வாங்கிய ‘டேட்டா’வைச் செலவிட்டு மறுபடி இறக்குவதும் வழக்கமாகிவிட்டன. கருவி என்ன செய்யும், என்ன செய்யாது என்று ஒருமுறை தெளிந்துகொண்டால் இந்த விரயம் பெரும்பாலும் தவிரும்.

முதலாவது, கருவி விளையாட்டைக் காணவே இல்லை என்ற குறை. விளையாட்டை நிறுவியபின் ஒருமுறையேனும் இயக்கிப் பார்த்தல் வேண்டும். அப்போதுதான் அது தன் இருப்பிடத்தைக் கணினியில் பதிந்துவைக்கும். ‘மொட் ஓர்கனைசர் 2’ என்ற மேலாண்மை மென்பொருளைக் கையாள்வோர் இன்னொன்றையும் நினைவிற்கொள்ள வேண்டும். அது சேர்க்கைகளை விளையாட்டின் உறையில் மெய்யாகவே வைப்பதில்லை. இருப்பது போன்றதொரு தோற்றத்தையே உண்டாக்குகின்றது. ஆகவே லூட் கருவியை அதன் வழியாகத் திறந்தாலன்றி, வெற்றுப் பட்டியலே தென்படும். ‘வோர்டெக்ஸ்’ என்ற மற்றொரு மேலாளரில் லூட் உள்ளேயே அமைந்திருப்பதால் இத்தொல்லை இல்லை.

விதிப் பட்டியல் இணையத்திலிருந்து வருவது. செல்பேசி அலை எட்டாத லயங்களில் அது புதுப்பிக்கப்படாமல் நின்றுபோகும். அப்போதும் பழைய பட்டியலைக் கொண்டு கருவி வரிசைப்படுத்தவே செய்யும். பிற்பாடு வந்த சேர்க்கைகளுக்குரிய விதிகளை மட்டும் அது அறியாது. டவுனுக்குச் செல்லும் நாளில் புதுப்பித்துக்கொண்டால் போதுமானது.

சில சேர்க்கைகள் வேறொரு தாய்க்கோப்பை நம்பி நிற்பவை. தாய் இல்லையெனில் விளையாட்டு தொடக்கத்திலேயே விழுந்துவிடும். எந்த வரிசையும் இதற்கு மருந்தாகாது. லூட் சுட்டிக்காட்டும் தாயைத் தேடிச் சேர்க்க வேண்டும், அல்லது பிள்ளையை நீக்க வேண்டும். எண்ணிக்கைக்கும் வரம்புண்டு. ஒவ்வொரு கோப்புக்கும் பதினாறடிமான எண் முறையில் இரு இலக்கங்களே ஒதுக்கப்பட்டமையால் 256 இடங்களே உள்ளன. அவற்றுள் ஒன்று சேமிப்பின் சொந்தத் தேவைக்கு. மற்றொன்று 2017-இல் வந்த இலகுவகைக் கோப்புகளுக்குப் பொதுவானது. எஞ்சியவை 254. அதற்கு மேல் சுமத்தினால் லூட் என்ன செய்யும், பாவம்!

எல்லாவற்றிலும் மாணவரை அதிகம் மிரட்டுவது, விதிகள் வட்டமாகச் சுழல்கின்றன என்று கருவி கைவிரிக்கும் செய்தியே. கல்யாணப் பந்தியில் மூன்று பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். “தம்பி உட்காரட்டும், பிறகு நான்” என்கிறார் ஒருவர். தம்பியோ, “மாமா உட்காராமல் நான் எப்படி?” என்கிறார். மாமா, “முதலில் அண்ணன் உட்காரட்டும்” என்று முதலாமவரையே காட்டுகிறார். மூவரும் நிற்க, இலையில் சோறு ஆறுகின்றது. எவருக்காகவும் காத்திராதவரை முதலில் அமர்த்து, அவரை நீக்கிவிட்டு மீதமுள்ளோரில் அத்தகையவரைத் தேடு, இப்படியே தொடர் என்பதுதான் 1962-இல் கான் என்ற அமெரிக்கர் ஓர் ஆய்விதழில் விளக்கிய வரிசைப்படுத்தும் முறை. எஞ்சியோர் அனைவரும் ஒருவருக்கொருவர் காத்திருந்தால் அம்முறை அங்கே நின்றுவிடும். அது கருவியின் பழுதன்று; கணிதம் கூறும் தீர்ப்பு. அச்செய்தியிலேயே சம்பந்தப்பட்ட கோப்புகளின் பெயர்கள் இருக்கும். அவற்றுள் ஒரு விதி, மாணவர் தாமே முன்னொரு நாள் எழுதி மறந்துவிட்டதாக இருப்பது மிகச் சாதாரணம். தம் விதியை நீக்கியதும் வட்டம் அறும். செய்தியைப் படியாமலே மூடிவிடுவோர்தாம் வாரக்கணக்கில் அல்லற்படுகின்றனர்.

இனி, வரிசை செவ்வனே அமைந்தும் விளையாட்டு பிழைபடும் நிலை. இங்கேதான் கருவியின் எல்லை விளங்குகின்றது. ஒரு சத்திரத்தின் விளக்கொளியை ஒரு சேர்க்கை மாற்றுகின்றது. வேறொன்று அதே சத்திரத்தில் புதிய மேசையொன்றைப் போடுகின்றது. மேசையைப் போடும் கோப்பு அறையின் பழைய பதிவையும் உடன் சுமந்து வருவதால், அது பின்னால் ஏறினால் மேசை இருக்கும், புதிய ஒளி போய்விடும். ஒளி முக்கியமெனில் ஒளியின் கோப்பைப் பின்னால் வைக்கலாம். ஆனால் பதிவின் வேறொரு பகுதியை இரண்டும் இருவேறாக மாற்றியிருந்தால், எப்படி அடுக்கினும் ஒன்றுக்கு நட்டமே. அத்தகைய இடத்தில் இருவரின் திருத்தங்களையும் இணைத்த மூன்றாவதொரு சிறு கோப்பு தேவை. ‘எஸ்.எஸ்.ஈ. எடிட்’ என்ற மென்பொருள் இத்தகைய மோதல்களைப் பத்தி பத்தியாக நிறமிட்டுக் காட்டும். படங்களும் உருவங்களும் ஒன்றையொன்று மறைப்பதோ லூட்டின் பார்வைக்கே வராத வேறொரு வரிசை. அதை மேலாளரிலேயே சீர்செய்தல் வேண்டும்.

குற்றவாளி யாரென்று அறவே தெரியாதபோது, பாதியை நீக்கிப் பார்ப்பதே சிறந்த வழி. இருநூறு சேர்க்கைகளில் நூறை நீக்குங்கள். விளையாட்டு ஓடினால் குற்றம் நீக்கிய நூறில் உண்டு. ஓடாவிட்டால் எஞ்சிய நூறில். மீண்டும் பாதி. எட்டு முறைக்குள் ஒரே கோப்பில் வந்து நிற்பீர்கள். ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பவருக்கு இருநூறு முறை தேவைப்படலாம். தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்வது மட்டும் அவசியம். பாரவூர்தி விளையாட்டுக்கு லூட் போன்ற துணை இல்லை. எனினும் அது தான் செய்ததையெல்லாம் ஒரு குறிப்புக் கோப்பில் எழுதி வைக்கின்றது. விளையாட்டு விழுந்தவுடன் அதன் கடைசி வரிகளைப் படித்தால் பலவேளை குற்றவாளியின் பெயரே கிட்டும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இப்படிப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளை அந்நேரம் விளையாடிக்கொண்டிருக்கவில்லை. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தைப் பாடமாகப் படிப்பவன் கற்க வேண்டிய காரியமொன்றையே செய்கின்றான். பரீட்சைக் காலத்திலும் அதைச் செய்யலாமா என்றால், கூடாது என்பதே நம் கருத்து.

இச்சோதனைகளை அருமையாக ஆடிச் சேர்த்த சேமிப்பில் நடத்துவது ஆபத்தானது. நீக்கிய சேர்க்கையின் எச்சங்கள் சேமிப்புக்குள்ளேயே தங்கி, பல வாரத்து ஆட்டத்தைப் பிற்பாடு குலைத்துவிடும். ஆதலால் புதிய ஆட்டமொன்றைத் தொடங்கியே சோதிக்க வேண்டும். அதற்கு முன்னரே சேமிப்பு உறையையும், வரிசை எழுதப்பட்டுள்ள ‘பிளகின்ஸ்’ என்ற சிறு எழுத்துக் கோப்பையும் தனியே பிரதி செய்து வைத்துக்கொள்வது நன்று. வரிசைக் கோப்பு வெறும் பெயர்ப் பட்டியலே. பென்டிரைவின் ஒரு மூலை அதற்குப் போதும்.