வண்டிக்கும் நாடி பார்க்க வேண்டும்



உடல்நலப் பகுதியில் லோரியைப் பற்றியும் டிராக்டரைப் பற்றியும் எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். தோட்ட மருந்தகத்தில் வேலை செய்பவனுக்கு அதன் பதில் தெரியும். காய்ச்சல், சளி, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று வந்தால் மருந்து மாத்திரை கொடுத்து அனுப்பலாம். டிரேலருக்கும் மரத்துக்கும் நடுவே நசுங்கிய காலுக்கு என்னிடம் மருந்து கிடையாது. இரத்தத்தை நிறுத்தி, பலகை வைத்துக் கட்டி, குளுவாங் மருத்துவமனைக்கு அனுப்புவதோடு என் வேலை முடிந்துவிடும். அதற்குப் பிறகுள்ள கஷ்டம் அந்தக் குடும்பத்துக்குத்தான். மணிக்கட்டு உடைந்த பால்வெட்டுத் தொழிலாளிக்கு எலும்பு கூடினாலும் கத்தியைப் பிடிக்கும் பழைய பலம் வர மாதக்கணக்காகும். இடுப்பில் அடிபட்டவர் மறுபடி செம்பனைக் குலை வெட்ட நிமிர்வது சுலபமல்ல.

இந்த மாதிரிக் காயத்துக்கு நல்ல மருந்து, காயம் படாமல் பார்த்துக்கொள்வது. அந்த மருந்தை மருந்தகத்தில் தர முடியாது. விடியற்காலை பெரட்டுக் களத்தில், வண்டி புறப்படுவதற்கு முன்னால், பத்து நிமிடத்தில் நாமே தயார் செய்யலாம்.

ரெங்கம், லயாங் லயாங், சிம்பாங் ரெங்கம் சுற்றுவட்டாரத்தில் நம் பெரியவர்கள் லயத்திலிருந்து பால் வாளியோடு தங்கள் நிரைக்கு நடந்தே போனவர்கள். இன்று ரப்பர் குறைந்து செம்பனை பெருகிவிட்டது. ஆட்கள் குறைவு, வேலைக்காடு தூரம். ஆகவே வேலைக்கும் வண்டி, குலை ஏற்றவும் வண்டி, பிள்ளைகள் தமிழ்ப்பள்ளிக்குப் போகவும் வண்டி. நம் குடும்பத்தில் வண்டியை நம்பாமல் ஒரு நாள் கழிவதில்லை. அந்த வண்டியை ஒரு நிமிடம் குனிந்து பார்க்கிறோமா?

கெந்திங் மலையும் தெலுக் இந்தானும்

2013 ஆகஸ்ட் 21-ஆம் தேதி கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து ஒன்று பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தார்கள். விசாரணையில் அந்தப் பேருந்தின் பிரேக் நல்ல நிலையில் இல்லை என்று தெரியவந்தது. பிரேக் ஒரே இரவில் தேய்வதில்லை. தேயத் தேய அது சத்தம் போடும், பெடல் தாழும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். கவனிக்க ஆள் வேண்டும்.

2025 மே 13-ஆம் தேதி நடந்தது நமக்கு இன்னும் நெருக்கமானது. தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி திருவிழாவுக்குக் காவல் இருந்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்த கலகத் தடுப்புப் போலீஸார் சென்ற வண்டியின் மீது, கல் ஏற்றி வந்த லோரி மோதியது. 9 போலீஸார் உயிரிழந்தார்கள். நம் சாமி ஊர்வலத்துக்குப் பாதுகாப்புக் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த லோரியின் ஸ்டீரிங்கில் பழுது இருந்தது, அனுமதிக்கப்பட்ட அளவுக்கு மேல் பாரமும் ஏற்றியிருந்தது என்று விசாரணைக் குழு கண்டது. புறப்படும் முன் கண்ணில் பட்டிருக்க வேண்டியவை இவை.

'நம் லோரிக்கு அரசாங்கப் பரிசோதனை ஆகிவிட்டதே' என்று சிலர் சொல்வார்கள். சரக்கு லோரிகள் 6 மாதத்துக்கு ஒரு முறை புஸ்பாகோம் போன்ற நிலையத்துக்குப் போக வேண்டும் என்பது சரிதான். மாதம் 26 நாள் வேலை என்று கணக்குப் போடுங்கள். ஒரு பரிசோதனைக்கும் அடுத்ததற்கும் இடையே 156 காலைகள் இருக்கின்றன. செம்மண் பாதையும், குழியும், கட்டைக்கல்லும் அந்த 156 நாளும் வண்டியை உலுக்கிக்கொண்டே இருக்கும். போன மாதம் இறுக்கிய நட்டு இன்றைக்கும் இறுக்கமாக இருக்கிறது என்பதற்கு யார் பொறுப்பு?

பத்து நிமிடத்தில் என்ன பார்ப்பது?

நோயாளியை டாக்டர் தலை முதல் கால் வரை ஒரு வரிசையாகப் பார்ப்பார். வண்டியையும் அப்படியே பாருங்கள். தினமும் ஒரே இடத்தில் தொடங்கி, ஒரு சுற்றுச் சுற்றி, அதே இடத்தில் முடித்தால் எதுவும் விட்டுப்போகாது.

முதலில் வண்டிக்கு அடியில் தரையைப் பாருங்கள். இரவெல்லாம் நின்ற இடத்தில் எண்ணெயோ டீசலோ சொட்டியிருந்தால் தரை காட்டிக்கொடுக்கும். சக்கரத்துக்கு உள்பக்கம் ஈரம் தெரிந்தால் பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்த வண்டியை எடுக்கக்கூடாது.

அடுத்து டயர். பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படி அது ஓடக்கூடாத டயர். நம் சேற்றுப் பாதையில் அந்த அளவுக்குத் தேயும்வரை காத்திருப்பதே தவறு. பக்கவாட்டில் வெடிப்பும் வீக்கமும் இருக்கிறதா பாருங்கள். பின்னால் இரட்டை டயர் உள்ள லோரியில் இரண்டுக்கும் நடுவே கல் சிக்கியிருக்கும். ஓடும்போது அது துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும். காற்றை, வண்டி ஓடுவதற்கு முன் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிய டயர் சூடாகிக் காற்றைக் கூட்டிக் காட்டும்.

சக்கர நட்டைக் கையால் தொட்டுப் பாருங்கள். நட்டைச் சுற்றித் துருக்கோடு வழிந்திருந்தாலோ, பெயிண்ட் உரிந்து இரும்பு பளபளத்தாலோ, அது ஆடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பிரேக்கை வண்டி நின்ற நிலையிலேயே சோதிக்கலாம். எண்ணெய் பிரேக் என்றால் பெடலை அழுத்திப் பிடியுங்கள். பஞ்சுபோல மெத்தென்று இருந்தாலோ, மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கினாலோ, பிரேக் சரியில்லை. காற்று பிரேக் என்றால் எஞ்சினை ஓடவிட்டுக் காற்று முழுவதும் ஏறியபின் எஞ்சினை நிறுத்தி, பெடலை மிதித்துக்கொண்டு மானியைப் பாருங்கள். முள் இறங்கிக்கொண்டே போனால் எங்கோ கசிகிறது. காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரையும் தினமும் திறந்துவிட வேண்டும். நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். தொட்டியில் தண்ணீர் சேர்ந்தால் காற்றுக்கு இடம் குறையும், உள்ளே துருவும் பிடிக்கும். பிறகு வண்டியை மெதுவாக நகர்த்தி ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் கடந்துவிடும். பிரேக் ஒரு வினாடி தாமதித்தால் அந்த 17 மீட்டருக்குள் நிற்பது யாராகவும் இருக்கலாம்.

பிறகு ஸ்டீரிங். வளையத்தைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்ப வேண்டும். வளையம் வெறுமனே அதிகம் ஆடினால் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போக வேண்டும்.

விளக்கு, சிக்னல், பிரேக் விளக்கு, ஹாரன், பக்கக் கண்ணாடி, கண்ணாடி துடைப்பான் எல்லாவற்றையும் பாருங்கள். மழைக்காலத்தில் செம்மண் சேறு பின்விளக்கை மூடிவிடும். ஈரத்துணியால் துடைக்க அரை நிமிடம் போதும். இருட்டில் பின்னால் வருபவருக்கு நம் வண்டி தெரிவது அந்த விளக்கால்தான்.

டிராக்டருக்கு இரண்டு காரியங்கள் கூடுதலாக உண்டு. வலப்பக்கச் சக்கரத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று என்று அதில் இரண்டு பிரேக் பெடல்கள் இருக்கும். பாதையில் ஓடும்போது இரண்டையும் இணைக்கும் கொக்கி மாட்டியிருக்க வேண்டும். வேகத்தில் ஒன்றை மட்டும் மிதித்தால் டிராக்டர் சுழன்று கவிழும். டிரேலர் கோர்க்கும் ஊசிக்கு அதற்குரிய பூட்டும், பக்கத்தில் பாதுகாப்புச் சங்கிலியும் வேண்டும். ஊசிக்குப் பதில் பழைய கம்பியைச் செருகி ஓட்டுவது, மேட்டில் குலையோடு டிரேலர் கழன்று உருளும்வரைதான்.

கடைசியாக ஆட்கள் ஏறும் இடம். பின்பலகைக் கொக்கி, ஏறும் படி, கைப்பிடி இவை ஆடுகின்றனவா பாருங்கள். மூடிய வேன் என்றால் புகைக்குழாயின் சத்தத்தைக் கவனியுங்கள். குழாய் ஓட்டையானால் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உள்ளே வரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. வேனில் வந்த பிள்ளைகள் பலர் ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி என்றால் காலைச் சாப்பாட்டை மட்டும் குறை சொல்லாதீர்கள். முதலில் அவர்களை வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள், பிறகு டாக்டரிடம் சொல்லுங்கள்.

டிரைவர் தன்னையும் பார்த்துக்கொள்ள வேண்டும்

வண்டி நன்றாக இருந்து, ஓட்டுகிறவர் சரியில்லாமல் போனாலும் ஆபத்துதான். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கும் சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும். மருந்து வாங்கும்போதே "நான் லோரி ஓட்டுறேன்"னு சொல்லிவிடுங்கள். தூக்கம் வராத மருந்து இருந்தால் அதைத் தரலாம். சர்க்கரை நோயுள்ள டிரைவர் மாத்திரையைப் போட்டுவிட்டு, வெறும் தேத்தண்ணியோடு வண்டியில் ஏறக்கூடாது. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், புத்தி தடுமாறும். அப்படித் தோன்றினால் உடனே ஓரமாக நிறுத்தி, இனிப்பு ஏதாவது சாப்பிட்டு, நன்றாகத் தெளிந்தபிறகே கிளம்ப வேண்டும். இரவு கண்விழித்தவரும், முந்தின ராத்திரி குடித்த மயக்கம் தெளியாதவரும் அன்று வண்டியைத் தொடக்கூடாது.

ஏறுகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு

குலைக் குவியலின் மேல் உட்காராதீர்கள். டிராக்டருக்கும் டிரேலருக்கும் நடுவிலுள்ள கம்பியில் நிற்காதீர்கள். பின்பலகையில் காலைத் தொங்கவிடாதீர்கள். அரிவாளையும் உளியையும் உறைபோட்டுத் தனியாக வையுங்கள். பூச்சி மருந்து டின்னோடு மனிதரை ஏற்றவே கூடாது. வழியில் வண்டியில் புதிதாக ஒரு சத்தமோ, கருகிய வாடையோ வந்தால் கம்மென்று இருக்காதீர்கள். முன்னால் இருப்பவருக்குக் கேட்காதது பின்னால் இருக்கும் உங்களுக்குக் கேட்கலாம்.

டிக் போட்ட புத்தகம் உயிரைக் காக்காது

பல இடங்களில் பரிசோதனைப் புத்தகம் இருக்கிறது. புரட்டினால் ஒரே பேனா, ஒரே கை, திங்கள் முதல் சனி வரை ஒரே மூச்சில் போட்ட டிக். சில சமயம் வண்டி ஓடாத ஞாயிற்றுக்கிழமைக்கும் டிக் இருக்கும்! நாடியைப் பிடிக்காமல் 'நாடி சரி' என்று எழுதினால் அது மருத்துவமா?

டிரைவரை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பழுதைச் சொன்ன டிரைவருக்கு, "இன்னைக்கு ஒரு நாள் ஓட்டுப்பா, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்ற பதில் கிடைத்தால் மூன்றாவது முறை அவர் வாயைத் திறக்க மாட்டார். அவருக்கு அன்றைய சம்பளம் முக்கியம், மண்டோருக்குக் குலைக் கணக்கு முக்கியம். இதனால்தான் பரிசோதனை பேருக்கு நடக்கிறது. பழுது கண்ட வண்டி நிறுத்தப்பட வேண்டும், நிறுத்தியவருக்கு நஷ்டம் வரக்கூடாது. இந்த இரண்டும் இல்லாத இடத்தில் எத்தனை புத்தகம் அச்சடித்துக் கொடுத்தாலும் பயனில்லை.

சட்டமும் இதில் நம் பக்கம் இருக்கிறது. 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம் 2024 ஜூன் 1 முதல் அமலில் உள்ளது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நியாயமான காரணத்தோடு நம்பும் தொழிலாளி அதை முதலாளிக்குத் தெரிவித்தும் நடவடிக்கை இல்லையென்றால், அந்த வேலையிலிருந்து விலகி நிற்கலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக்கூடாது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் நம் பிரதிநிதியும் உட்காருகிறார். நிறுத்தப்பட்ட வண்டிக்கு மாற்று ஏற்பாடும், அன்றைய கூலியும் என்ன என்பதை அங்கே பேசி முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். காலை 6 மணிக்குப் பெரட்டில் நின்று சண்டை போடும் விஷயமல்ல இது.

அப்படியும் விபத்து நடந்துவிட்டால் மறைக்காதீர்கள். 48 மணி நேரத்துக்குள் பெர்கேசோவுக்கு அறிவிப்பது முதலாளியின் கடமை. நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் 2019 முதல் பெர்கேசோவின் வேலைக் காயப் பாதுகாப்பு உண்டு. அவர்களுக்கும் இதைச் சொல்லுங்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. காலையில் பிள்ளையை வேனில் ஏற்றிவிடும்போது அதன் டயரை ஒரு பார்வை பாருங்கள். வழுக்கையாக இருந்தால் டிரைவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். "இந்தம்மாவுக்கு என்ன தெரியும்"னு அவர் நினைத்தாலும் பரவாயில்லை. நாலு தாய்மார் சேர்ந்து சொன்னால் அடுத்த வாரம் டயர் மாறும்.

நாளைக் காலை வண்டியில் ஏறுவதற்கு முன் எல்லோரும் ஒரு சுற்று வந்து பாருங்கள். பழுது தெரிந்தால் ஏறாமல் நின்று மண்டோரிடம் சொல்லுங்கள், புத்தகத்திலும் எழுதச் சொல்லுங்கள்.