பாஸ் மார்க்குக்கும் பி.டெக். சீட்டுக்கும் நடுவே

ஏப்ரலில் இன்டர் ரிசல்ட் வந்த அன்று சித்தூர், திருப்பதி வீடுகளில் கேட்கிற முதல் கேள்வி “பாஸா?” என்பதுதான். பாஸ் என்று தெரிந்ததும் இனிப்பு வாங்க ஆள் போகிறது. அந்த பாஸ், என்ஜினியரிங் கவுன்சிலிங் வரைக்கும் தாங்குமா என்று அன்றைக்கு யாரும் பார்ப்பதில்லை. ஜூலையில் சர்டிபிகேட்டுகளோடு ஹெல்ப்லைன் சென்டர் வாசலில் நிற்கும்போதுதான் விஷயம் தெரிய வருகிறது.

கணக்கு இப்படி. எம்.பி.சி. குரூப்பில் இரண்டு ஆண்டும் சேர்த்துக் கணிதத்துக்கு 300, இயற்பியலுக்கு 150, வேதியியலுக்கு 150, ஆக 600. 2025 வரை தேர்வு எழுதி முடித்தவர்களுக்கு இதுதான் அமைப்பு. அதன்பின் தாள் அமைப்பு மாறத் தொடங்கியிருக்கிறது, ஆகவே சதவீதத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. பாஸ் ஆக 35 சதவீதம் போதும், அதாவது 600-க்கு 210. ஆனால் பி.டெக். சேர இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்துப் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதம், பி.சி., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 40 சதவீதம் வேண்டும். 270 அல்லது 240. 210-க்கும் இந்த எண்ணுக்கும் நடுவில் நிற்கிற பிள்ளை இன்டர் தேறியவர், ஆனால் என்ஜினியரிங்குக்குத் தகுதி பெறாதவர். மேனேஜ்மென்ட் சீட்டுக்கும் இந்தத் தகுதி வேண்டும். பணம் கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லிக்கொண்டு வருகிற ஏஜென்ட்டிடம் முதலில் இதைக் கேளுங்கள்.

இங்கே மொழிப்பாட மார்க் சேராது. நம் ஊர் கார்ப்பரேட் காலேஜ்களில் தமிழையும் தெலுங்கையும் விட்டுவிட்டுப் பிள்ளைகளை சமஸ்கிருதம் எடுக்க வைப்பது மொத்த மார்க்கைத் தூக்கிக் காட்டத்தான். ஆயிரத்துக்கு இத்தனை என்று ஃபிளெக்ஸ் போர்டில் போட அது உதவும். என்ஜினியரிங் ரேங்க்குக்கு அதில் ஒரு மார்க்கும் போய்ச் சேராது. தமிழை இரண்டாம் மொழியாக எடுத்த நகரிப் பிள்ளைக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்பதை அப்பா அம்மாக்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லை.

அடுத்தது என்ஜினியரிங் நுழைவுத்தேர்வான எம்செட். 2021-லேயே பெயர் ஈஏபிசெட் என்று மாறிவிட்டது, ஆனாலும் ஊர் வாயில் எம்செட்தான். 160 கேள்விகள், மூன்று மணி நேரம், கணிதம் 80, இயற்பியல் 40, வேதியியல் 40. தேற 25 சதவீதம், அதாவது 40 மார்க். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு இந்த 40 என்ற வரம்பும் கிடையாது. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் உருதுவிலும் வரும், தமிழில் வராது.

ரேங்க் போடும்போது எம்செட்டுக்கு 75 பங்கு, இன்டர் குரூப் மார்க்குக்கு 25 பங்கு. கொரோனா ஆண்டுகளில் இன்டர் பங்கை நிறுத்தி வைத்திருந்தார்கள், 2023-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். பென்சில் எடுத்துப் போட்டுப் பார்த்தால் ஒரு எம்செட் மார்க் ஏறக்குறைய பதினோரு இன்டர் மார்க்குக்குச் சமம் என்று வரும். எம்செட்டில் 56, இன்டர் குரூப்பில் 280 வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். எம்செட்டில் 40-ம் இன்டரில் 460-ம் வாங்கியவர் இன்னொருவர். இருவருக்கும் கூட்டிப் பார்த்தால் அதே 37.92-தான். 180 இன்டர் மார்க் முன்னால் இருந்தவரை 16 எம்செட் கேள்விகள் பிடித்துவிடுகின்றன. (தேர்வு பல நாட்கள் பல வேளைகளில் நடப்பதால் எம்செட் மார்க்கை நார்மலைஸ் செய்துதான் சேர்ப்பார்கள். அதனால் புள்ளிக்குப் பின்னால் கொஞ்சம் முன்பின் ஆகலாம்.)

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எம்செட்டில் தவறான விடைக்கு மார்க் குறைப்பதில்லை. நான்கு விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக 160-ல் 40 வரும், தேறுவதற்கான மார்க்கும் அதே 40! ஆகவே “எம்செட்டில் குவாலிஃபை ஆகிவிட்டான்” என்பதைப் பெரிய வெற்றியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பாடம் வேறு இடத்தில் இருக்கிறது. தெரியாத 60 கேள்விகளைக் காலியாக விட்டு எழுந்து வருகிற பிள்ளை சராசரியாக 15 மார்க்கை மேசையிலேயே விட்டு வருகிறது. இன்டர் கணக்கில் அது ஏறக்குறைய 170 மார்க். விளிம்பில் இருக்கிறவர்கள்தான் பயத்தில் அதிகம் காலியாக விடுகிறார்கள் என்பது என் எண்ணம்.

சரி, 270 எட்டவில்லை, 262-ல் நிற்கிறது என்றால்? முதலில் ரீகவுண்டிங், ரீவெரிஃபிகேஷன். கட்டணம் கட்டி விண்ணப்பிக்கக் கொடுக்கிற நாட்கள் மிகக் குறைவு, ரிசல்ட் வந்த வாரத்திலேயே காலேஜில் கேட்டுவிட வேண்டும். முதலாம் ஆண்டில் இருப்பவர்கள் மே மாத அட்வான்ஸ்டு சப்ளிமென்டரியில் இம்ப்ரூவ்மென்ட் எழுதலாம். முதலாம் ஆண்டு மார்க்கும் 600-ல் சேர்வதால் அதை லேசாக விடக்கூடாது. இரண்டாம் ஆண்டுக்காரர்கள் பெட்டர்மென்ட் எழுத முடியுமா என்பது அந்தந்த ஆண்டு இன்டர் போர்டு அறிவிப்பைப் பொறுத்தது. ஒரு பாடம் போய்விட்டவர்களுக்கும் கதவு மூடிவிடவில்லை, சப்ளிமென்டரியில் தேறிய பிறகு ரேங்க் கிடைக்கும்.

இனி எல்லைக்கோட்டு விஷயத்துக்கு வருகிறேன். புத்தூர், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் மார்க்கை விட இதில்தான் அதிகம் அடிபடுகின்றன. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே தங்கின. அந்தக் கோடு இன்றைக்கு சீட்டிலும் ஓடுகிறது.

ஆந்திரக் கல்லூரிகளில் 85 சதவீத இடங்கள் லோக்கல் மாணவர்களுக்கு. குடியரசுத் தலைவரின் 1974-ம் ஆண்டு ஆணைப்படி வந்த ஏற்பாடு இது. நமக்கு லோக்கல் என்றால் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகப் பகுதி. பழைய கணக்கில் சித்தூர், கடப்பா, அனந்தபூர், கர்னூல், நெல்லூர் ஆகிய ஐந்து மாவட்டங்கள். 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்தும் நெல்லூரிலிருந்தும் பிரித்துத் திருப்பதி மாவட்டம் உண்டானபோதும் இது கலையவில்லை, இரண்டு பக்கமும் ஒரே பகுதிதான். லோக்கல் ஆக, இன்டர் முடிக்கிற ஆண்டு வரை விடாமல் நான்கு ஆண்டுகள் இந்தப் பகுதியில் படித்திருக்க வேண்டும். இதற்குத்தான் ஸ்டடி சர்டிபிகேட் கேட்கிறார்கள்.

பத்தாவது வரை நகரியில் படித்துவிட்டு, பஸ் வசதி நன்றாக இருக்கிறதே என்று பிளஸ் ஒன், பிளஸ் டூவைத் திருத்தணியில் முடிக்கிற பிள்ளைக்கு இந்த நான்கு ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது. வீடு நகரியில்தான், ரேஷன் கார்டும் நகரியில்தான், ஆனாலும் லோக்கல் ஆகாது. பெற்றோரில் ஒருவர் ஆந்திராவில் பத்து ஆண்டுகள் வசித்ததற்குச் சான்று காட்டினால் மீதி 15 சதவீதப் பொது இடங்களில் போட்டியிடலாம். நல்ல ரேங்க் என்றால் அது போதும். விளிம்பில் இருப்பவருக்கு 85-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம் மிகப் பெரிது. மார்க்கும் தானாகப் போய்ச் சேராது. தமிழ்நாட்டு போர்டு, சி.பி.எஸ்.இ. மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கைத் தாங்களே பதிவேற்ற வேண்டும்.

அந்தப் பக்கம் போய்விடலாமே என்றால், தமிழ்நாட்டுக் கவுன்சிலிங்கில் நுழைவுத்தேர்வு கிடையாது, கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கட் ஆஃப் போடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் தமிழ் பேசுவது இருப்பிடச் சான்று ஆகாது. தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொள்ளாதவர் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கேயே படித்திருந்தால்தான் பொதுப்பிரிவில் விண்ணப்பிக்கலாம். கடைசி இரண்டு ஆண்டு மட்டும் எல்லை தாண்டியவர் இரண்டு வீட்டுக்கும் விருந்தாளி. சாதிச் சான்றும் அப்படியே, தமிழ்நாட்டுத் தாசில்தார் கொடுத்தது ஆந்திர இடஒதுக்கீட்டுக்கு உதவாது. பத்தாவது முடித்த தம்பி தங்கை வீட்டில் இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்காகப் படியுங்கள்.

காட்பாடி வி.ஐ.டி. சித்தூரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே தனி நுழைவுத்தேர்வு, அதற்கு முன்னால் பன்னிரண்டாவதில் மூன்று பாடங்களில் 60 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி.க்கு 50. ஏர்ப்பேட்டில் இருக்கிற ஐ.ஐ.டி.க்கு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு, கூடவே போர்டில் 75 சதவீதம் அல்லது முதல் 20 பெர்சென்டைல். நாம் பேசுகிற பிள்ளைக்கு இரண்டும் இப்போதைக்கு வழி இல்லை.

வெப் ஆப்ஷனுக்கு வருவோம். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போகும், உங்கள் ரேங்க்குக்கு முதலில் கிடைக்கிற இடத்தைத் தரும். எனவே “கிடைக்காது” என்று நினைக்கிற காலேஜை மேலே போடுவதால் ஒன்றும் கெட்டுப்போகாது. கெடுவது, “எப்படியும் கிடைக்கும்” என்று ஒன்றை மேலே தூக்கி வைக்கும்போதுதான். முந்தைய ஆண்டுகளின் லாஸ்ட் ரேங்க் பட்டியலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் சாதிப் பிரிவு, ஆண் பெண் என்ற கட்டம் மட்டும் உங்களுக்கு. பொதுப்பிரிவுக் கட்டத்தைப் பார்த்துவிட்டு மனம் உடைந்து எழுந்துபோகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் முதலில் தீரும். 1959-ல் தொடங்கிய எஸ்.வி.யு. என்ஜினியரிங் காலேஜில் சிவிலோ கெமிக்கலோ, இல்லை புறநகர்த் தனியார் காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸா என்று வந்தால் நான் முன்னதைச் சொல்வேன். வீட்டில் பெரும்பாலும் பின்னதைத்தான் எடுப்பார்கள். பெண் பிள்ளைகள் 1983-ல் உருவான பத்மாவதி மகிளா பல்கலைக்கழகத்தின் என்ஜினியரிங்கைப் பட்டியலில் சேர்க்க மறக்கக் கூடாது, அங்கே போட்டியே பெண்களுக்குள்தான்.

இரண்டாம் கட்டத்தில் வேறு சீட் ஒதுக்கினால் முதல் சீட் தானாகப் போய்விடும். சும்மா போட்டுப் பார்ப்போம் என்று விருப்பமில்லாத காலேஜை அப்போது போடாதீர்கள்.

கடைசியில் பணம். ஆந்திராவில் பல தனியார் காலேஜ்களில் ஆண்டுதோறும் இடங்கள் காலியாகத்தான் கிடக்கின்றன, தகுதி இருந்தால் ஏதோ ஒரு சீட் கிடைத்துவிடும். எந்த வழியில் கிடைக்கிறது என்பதில்தான் செலவு இருக்கிறது. தனியார் காலேஜ்களில் 70 சதவீதம் கன்வீனர் கோட்டா, அதாவது கவுன்சிலிங் வழியாக நிரப்புகிற இடங்கள், தனியார் பல்கலைக்கழகங்களில் 35 சதவீதம். 2022-ல் மோகன்பாபு பல்கலைக்கழகம் ஆன வித்யாநிகேதன் இந்த இரண்டாவது வகை. ஃபீஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் கன்வீனர் கோட்டாவில் சேர்ந்தவர்களுக்குத்தான். மேனேஜ்மென்ட் சீட்டுக்கும், எல்லாக் கட்டமும் முடிந்தபின் காலேஜே நிரப்புகிற ஸ்பாட் அட்மிஷனுக்கும் கிடையாது. கன்வீனர் கோட்டாவில் கிடைத்த சிவிலை வேண்டாம் என்று விட்டுவிட்டு, அதே காலேஜில் ஸ்பாட்டில் சேர்ந்து நான்கு ஆண்டும் கைக்காசு கட்டுகிற வீடுகள் உண்டு. சேரும்போதே ரசீதில் எந்தக் கோட்டா என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் 270-ஓ 240-ஓ எட்டாதவருக்கு இன்னொரு பாதை இருக்கிறது. கணிதத்தோடு பி.எஸ்சி. முடித்தவர்கள் ஈசெட் எழுதி நேராக பி.டெக். இரண்டாம் ஆண்டில் சேரலாம், பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் வருகிற அதே வாசல்தான். திருப்பதியில் தேவஸ்தானமே நடத்துகிற எஸ்.வி. ஆர்ட்ஸ் காலேஜில் டிகிரி படிக்கலாம். மொத்தத்தில் இரண்டு ஆண்டு கூடுதல்தான், ஆனால் அதற்குள் கையில் ஒரு டிகிரி இருக்கும், பி.டெக்.கில் ஒரு ஆண்டுக் கட்டணமும் மிச்சம்.