‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து எத்தனை?

‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்துக்கள் உள்ளன என்று முதலாம் ஆண்டு மாணவனைக் கேட்டாலும் ‘மூன்று’ எனத் தயங்காமல் விடை கூறுவான். த ஒன்று, மி ஒன்று, ழ் ஒன்று. ஆனால், பல கோடிக் கணக்குகளை இமைப்பொழுதில் போட்டு முடிக்கும் கணினியைக் கேட்டால் ‘ஐந்து’ என்கிறது. வேறொரு முறையிற் கேட்டால் ‘பதினைந்து’ என்றுகூடச் சொல்லும். மாணவன் அறிந்ததைப் பொறி அறியாதது ஏன்? இது வேடிக்கைக்காக எழுப்பிய வினா அன்று. நம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும், அகராதியின் ஒழுங்கும், பெற்றோர்க்குப் போகும் செய்தியும் இவ்வினாவைப் பொறுத்தே அமைகின்றன. ஆகவே, தமிழாசிரியர்கள் இதனைச் சற்று ஆராய்வது நலம்.

மென்பொருள் எழுதுவது என் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், தமிழ்ப்பள்ளி மாணவர்க்கான சொல் விளையாட்டு ஒன்றைத் தட்டைக் கணினிக்கென அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. மாணவன் படத்தைப் பார்த்து, அதன் பெயரைக் கட்டத்துக்கு ஓர் எழுத்தாக நிரப்ப வேண்டும். சொல்லின் எழுத்துக்களை எண்ணிக் கட்டங்களைக் கணினியே வரையுமாறு செய்திருந்தேன். ஆங்கிலச் சொற்களை இட்டுச் சோதித்தேன், பிழை இல்லை. அந்தத் துணிவில், தமிழ்ச் சொற்களை இட்டதும் நேரே ஒரு தமிழாசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பால் நிறைந்த குவளையின் படம் தோன்றியது. அதன் கீழே நான்கு கட்டங்கள் நின்றன. அம்மையார் சிரித்துவிட்டார். “தம்பி, ‘பால்’ இரண்டெழுத்துச் சொல் அல்லவா? துணைக்காலுக்கும் புள்ளிக்கும் தனித்தனி வீடு கட்டிவிட்டீர்களே!” என்றார். அன்று எனக்கு நாணமாகவே இருந்தது. தமிழ் படித்தவன்தான், ஆயினும், பொறி தமிழ் எழுத்தை எவ்வாறு வாங்கிக்கொள்கிறது என்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

எண்ணே எழுத்து

கணினிக்கு எழுத்து என ஒன்று தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் மட்டுமே. ஆதலின், ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறித்து, அவ்வெண்ணையே அது நினைவில் வைக்கிறது. இதனைக் குறியெண் எனலாம். 1963ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பெற்ற ‘ஆஸ்கி’ என்னும் முறையில் 128 இடங்கள் இருந்தன. ஆங்கிலத்தின் 26 எழுத்துக்கு அது தாராளமான வீடு. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 ஆக 247 எழுத்துக்களைக் கொண்ட தமிழுக்கு அதில் இடமே இல்லை.

பின்னர் இடங்கள் 256 ஆகப் பெருகின. ஆங்கிலம் இருந்த இடம் போக எஞ்சியவற்றில், தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் தத்தமக்கு விருப்பமான இடத்தில் எழுத்துக்களைக் குடியேற்றினர். ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை வேறோர் எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற குறிகளே தோன்றும். இந்நிலையை மாற்ற உழைத்தவர்களுள் நம் வட்டாரத்தாரும் முன்னின்றனர். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு அஞ்சல்’ என்னும் மென்பொருளை ஆக்கினார். சிங்கப்பூரில் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமியின் முயற்சியால் 1997ஆம் ஆண்டில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டின் பயனாக ‘தமிழ் 99’ விசைப்பலகை முறை வகுக்கப்பெற்றது.

உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிக்கோடு என்னும் ஒருங்குறி 1991ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பெற்றன. 247 எழுத்துக்கள் 128 இடத்தில் எவ்வாறு அடங்கும்? உயிரெழுத்துக்களும் ஆய்தமும் தனித்தனி இடம் பெற்றன. க முதல் ன வரையுள்ள பதினெட்டும், கிரந்த எழுத்துச் சிலவும் இடம் பெற்றன. துணைக்கால், கொம்பு முதலிய உயிர்க்குறிகளும் புள்ளியும் தனித்தனியே இடம் பெற்றன. ஏனையவற்றைக் கூட்டி எழுதிக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இவ்வாறு, ‘தமிழ்’ என்னும் சொல் கணினியினுள் த 2980, ம 2990, இகரக் குறி 3007, ழ 2996, புள்ளி 3021 என ஐந்து எண்களாகக் கிடக்கிறது. இணையத்தில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் மூன்று பைட்டு இடத்தைக் கொள்ளும்; ஐம்மூன்று பதினைந்து. ஐந்தும் பதினைந்தும் வந்த வழி இதுதான்.

இங்கே இலக்கணம் கற்றவர்கள் கவனிக்கத் தக்க செய்தி ஒன்று உண்டு. ‘க்’ என்னும் மெய்யும் ‘அ’ என்னும் உயிரும் கூடினால் ‘க’ பிறக்கிறது என்று நாம் கற்பிக்கிறோம். மெய் முதல், உயிர்மெய் அதன் வழிவந்தது. கணினியிலோ இம்முறை தலைகீழ். அங்கே ‘க’ முதல். அதன் மேல் புள்ளி ஒன்றைக் கூட்டினால்தான் ‘க்’ கிடைக்கும். இலக்கணத்தில் மெய் ஓர் எழுத்து. பொறியிலோ அஃது இரண்டு குறி. நான் வரைந்த கட்டங்கள் பிழைத்தற்குக் காரணம் இத்தலைகீழ் முறையே.

பொறிக்காக எழுத்து வளைவது நமக்குப் புதிதும் அன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து, மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப்பொறிக்கு விசைப்பலகை வகுத்தவர். அப்பொறியில் ‘கெ’ எழுத வேண்டுமாயின் முதலிற் கொம்பையும் பின்னர்க் ககரத்தையும் தட்ட வேண்டும். கண்ணுக்குத் தோன்றும் வரிசை அது. ஒருங்குறியிலோ முதலிற் ககரமும் பின்னர்க் கொம்பும் வைக்கப்படுகின்றன; வாயால் ஒலிக்கும் வரிசை இது. பொறி மாறும்போதெல்லாம் எழுத்தை மீண்டும் ஒருமுறை அதற்குப் பழக்க வேண்டியிருக்கிறது.

பெயர்ப் பட்டியல் பட்ட பாடு

அடுத்து வந்த வேலை மாணவர் பெயர்ப் பட்டியல். பெயர்களை அகர வரிசையில் அடுக்க வேண்டும். அடுக்கும் கட்டளையைக் கொடுத்தேன். கண்ணன், கனகா, கமலா, கலா, கவிதா என்று வந்தது. நம் நெடுங்கணக்கில் னகரம் கடைசி எழுத்து. எனவே, கண்ணன், கமலா, கலா, கவிதா, கனகா என்று வருவதே முறை. ஐந்தாம் இடத்திலிருக்க வேண்டிய கனகா இரண்டாம் இடத்துக்கு ஏறியது எப்படி? ஒருங்குறியில் னகரம் நகரத்துக்கு அடுத்தும், றகரம் ரகரத்துக்கு அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த வரிசையைத் தழுவியமையால் வந்த விளைவு இது. குறியெண்ணைப் பார்த்து அடுக்கும் பொறிக்கு நெடுங்கணக்கு தெரியாது. புள்ளியின் குறியெண்ணும் பெரிது. அதனால் அகராதியில் ‘அகம்’ என்பதற்கு முன்னே வர வேண்டிய ‘அக்கா’ பின்னே தள்ளப்படுகிறாள்.

அதே பட்டியலில் கௌரி என்னும் மாணவியைத் தேடினேன். ‘அப்படி ஒருவர் இல்லை’ என்று விடை வந்தது. பட்டியலில் அவள் பெயர் என் கண்முன்னே இருக்கிறது! நெடுநேரம் ஆராய்ந்த பின்னரே உண்மை விளங்கியது. பெயரைப் பதிந்தவர் ஔகாரக் குறியை இடாமல், கொம்பை இட்டு, பக்கத்தில் ளகரத்தை இட்டிருந்தார். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. பொறிக்கோ ஒன்று ஈரெழுத்துப் பெயர். மற்றது ‘கெ, ள, ரி’ என்னும் மூன்றெழுத்துப் பெயர். ஒரு பிள்ளையின் பெயர் பள்ளியில் ஒருவிதமாகவும் தேர்வுத் தாளில் வேறுவிதமாகவும் பதிவாகுமாயின், பொறிகளின் கணக்கில் அப்பிள்ளை இருவர் ஆகிவிடுவாள். எழுத்துப்பிழை என்று எளிதாகத் தள்ளிவிடக்கூடியதா இது?

கைப்பேசியும் கடிகாரமும்

பெற்றோர்க்குக் குறுஞ்செய்தி அனுப்பும் ஏற்பாடும் அவ்வேலையில் அடங்கும். குறுஞ்செய்தி ஒன்றின் அளவு 140 பைட்டு. ஆங்கில எழுத்தாயின் 160 அடங்கும். தமிழாயின் 70 குறியெண்களே அடங்கும். ‘வணக்கம்’ என்னும் ஐந்தெழுத்துச் சொல்லே ஏழு குறியெண்களை விழுங்கிவிடும். 150 குறியெண் கொண்ட அறிவிப்பு மூன்று செய்திகளாகப் பிரிந்து, மூன்று செய்திக்குரிய கட்டணத்தைக் கேட்கும். கட்டணச் சீட்டைக் கண்ட நிருவாகத்தார், “ஆங்கிலத்திலேயே அனுப்பிவிடலாமே” என்றனர். தமிழ் வேண்டா என்பது அவர்கள் கருத்தன்று. கணக்கு அவ்வாறு பேசியது. செய்தியைச் சுருக்கி, இரண்டு பகுதிக்குள் அடக்கி, தமிழிலேயே அனுப்பினோம்.

பிறகு கைக்கடிகாரத்திலும் செய்தி வரும் காலம் வந்தது. வட்டமான சிறு முகத்தில் இடம் குறைவு. ஆகவே, நீண்ட சொற்களைக் குறிப்பிட்ட அளவோடு வெட்டிக் காட்டுமாறு எழுதியிருந்தோம். அளவு நான்கு குறியெண்ணில் வந்து முடிந்தபோது, ‘அம்மா’ என்பது ‘அம்ம’ என்று நின்றது. பிறர் செவியைத் தன்பால் ஈர்க்கும் ‘அம்ம’ என்னும் இடைச்சொல் இலக்கணத்தில் உண்டு. ஆனால் கடிகாரம் இலக்கணம் கற்று அவ்வாறு சொல்லவில்லை! அளவு ஐந்தில் வந்து முடிந்தபோது, கண்ணன் ‘கண்ணன’ ஆனான். ஒரு புள்ளியை வெட்டியதால் சொல்லே கெட்டது.

இன்று பேசும் பொறிகளும் எழுதும் பொறிகளும் வந்துவிட்டன. அவை சொற்களைத் துண்டுகளாக்கி, அத்துண்டுகளை எண்களாக்கிக் கற்கின்றன. பெரும்பாலும் ஆங்கில நூல்களைக் கொண்டு துண்டாக்கும் முறை வகுக்கப்பட்ட பொறிகளில், ஆங்கிலச் சொல் ஒன்றிரண்டு துண்டாக நிற்க, தமிழ்ச் சொல் பல துண்டாகச் சிதறுகிறது. அவை ஒரு சொல்லின் எழுத்தை எண்ணுவதில் இடறுவதற்கு இதுவும் ஒரு காரணம். கருவி எத்துணைப் புதிதாயினும் அந்த ஆசிரியை எழுப்பிய பழைய வினா அதன் வாயிலில் நின்றுகொண்டேயிருக்கிறது.

குற்றம் யாருடையது?

இவ்வளவும் கேட்டபின், ஒருங்குறி தமிழுக்குத் தீங்கு செய்தது என்று கருதிவிடலாகாது. இன்று கோலாலம்பூரில் எழுதிய தமிழை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் சிதையாமற் படிக்க முடிவது அதனால்தான். உயிர்மெய்க்கும் தனித்தனி இடம் தரும் வேறொரு குறியீட்டு முறையைத் தமிழக அரசு 2010இல் ஒருங்குறியோடு சேர்த்து ஏற்றதும் உண்டு. ஆயினும், நாம் கையாளும் கைப்பேசிகள் ஒருங்குறியையே வழங்குகின்றன. மேலும், உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னுள்ள எழுத்தோடு சேர்த்து ஒன்றாக எண்ணும் விதியை ஒருங்குறியே வகுத்திருக்கிறது. தமிழ் நெடுங்கணக்குப்படி அடுக்கும் விதியும் ஆயத்தமாக உள்ளது. அவ்விதிகளை அழைத்தால் பொறி பணிந்து நடக்கும். அழைக்காமல் விட்டது என்னைப் போன்றோர் குற்றமே. ஆங்கிலத்தில் சரியாக வந்தது எல்லா மொழியிலும் சரியாக வரும் என்று எண்ணிவிடுகிறோம்.

ஆகவே, பள்ளிக்குப் புதிய கருவியோ மென்பொருளோ வந்தால், ஆசிரியர்கள் நான்கு சோதனைகளைச் செய்து பார்க்க வேண்டுகிறேன். முதலாவது, ‘தமிழ்’ என்னும் சொல்லை மூன்றெழுத்தாக எண்ணுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, கவிதாவுக்குப் பின் கனகாவை வைக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது, ஔகாரக் குறியோடு ஒருமுறையும், கொம்பும் ளகரமுமாக ஒருமுறையும் கௌரியின் பெயரைப் பதிந்து, தேடுங்கள். இரண்டையும் கண்டுபிடிக்கிறதா, அல்லது பதியும்போதே தவற்றைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். நான்காவது, நீண்ட பெயரைச் சுருக்கிக் காட்டுமிடத்தில் புள்ளி பிழைத்திருக்கிறதா என்று பாருங்கள். இவற்றுக்குக் கணினி அறிவு வேண்டா. நீங்கள் நாள்தோறும் கற்பிக்கும் எழுத்தறிவு போதும். தவறு கண்டால் செய்தவர்க்கு எழுதுங்கள். திருத்தக்கூடிய தவறுகளே இவை.

அந்தச் சொல் விளையாட்டைத் திருத்தி மறுபடியும் கொண்டுபோனேன். பாலுக்கு இரண்டு கட்டம் வந்தது. ஆசிரியை உடனே, “ ‘அஃது’ என்று போட்டுப் பாருங்கள்” என்றார். மூன்று கட்டம் வந்தது. அதன் பின்னரே தட்டைக் கணினியைப் பிள்ளைகளின் கையிற் கொடுத்தார்.