மாவோடும் சீனியோடும் வந்த புகையிலை



சிட்னி நகரின் மேற்கே மவுண்ட் ட்ரூயிட் என்ற இடத்துக்குக் கிட்ட ஒரு மருந்துக்கடையில் நான் வேலை செய்கிறேன். எங்கள் தமிழ்ச் சனம் கூடுதலாக வாழும் துங்காபி, பெண்டில்ஹில் பகுதிகளில் இருந்து ரயிலில் அரை மணித்தியாலம்கூட இல்லை. அவுஸ்திரேலியாவின் பூர்வீகக் குடிகளான அபொரிஜினல் மக்கள் இப்பகுதியில் ஆயிரக்கணக்கில் வாழ்கிறார்கள். பாலைவனத்தில் ஈட்டியோடு நிற்பவர்கள் என்றுதான் ஊரில் படங்களில் பார்த்திருந்தேன். இங்கே அவர்கள் பிள்ளைகளின் காய்ச்சல் மருந்துக்கு என் முன்னே வரிசையில் நிற்கும் தாய்மார்.

2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு நாள், இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். வயிற்றில் ஆறு மாதம் இருக்கும். "சிகரட்டை விட்டிட்டு வேப்புக்கு மாறலாம் எண்டு நினைக்கிறன். உங்களிட்ட இருக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள். நானோ, "வயித்தில பிள்ளையை வைச்சுக்கொண்டு இதையெல்லாம் கேக்கலாமா?" என்று சொல்லிவிட்டேன். அதட்டவில்லை. ஆனாலும் அவளுடைய முகம் சுருங்கிப் போயிற்று. பிறகு அவள் தன் இரும்புச்சத்து மாத்திரைக்குக்கூட எங்கள் கடைக்கு வரவில்லை.

அபொரிஜினல் சுகாதார நிலையம் ஒன்றில் வேலை செய்யும் ஒரு வயதான அம்மா அடிக்கடி மருந்து எடுக்க வருவார். அந்த மக்களும் எங்களைப் போலத்தான், மூத்த பெண்களை 'அன்ரி' என்பார்கள். நானும் அப்படியே கூப்பிடுவேன். நடந்ததை அவரிடம் சொன்னேன். "அவள் விடுறதுக்கு வழி கேட்டுத்தான் வந்தவள், பிள்ளை. உனக்கு அது கேக்கேல்லை. சரி, எங்கட சனத்துக்கு உந்தப் புகையிலையை நாள் தவறாமல் தந்தது ஆர் எண்டு தெரியுமா?" என்றார்.

எனக்குத் தெரியாது. கடை வாசலில் நின்றபடியே அவர் சொன்னதையும், பின்னர் நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

நிக்கொட்டின் அம்மக்களுக்கு முற்றிலும் புதியதல்ல. நாட்டின் நடுப்பகுதியில் 'பிட்சூரி' என்ற செடியின் இலையைச் சாம்பலோடு சேர்த்து மென்றார்கள். வடகரைக்குக் கடலட்டை பிடிக்க வந்த மக்காசர் வணிகரும் புகையிலை கொண்டுவந்தார்கள். ஆனால் நாள்தோறும் புகைக்கும் பழக்கம் வெள்ளையரின் குடியேற்றத்தோடுதான் பரவியது. காணியை இழந்த சனத்தை மிஷன்களிலும் அரசாங்கக் குடியிருப்புகளிலும் மாட்டுப் பண்ணைகளிலும் வைத்து, மா, சீனி, தேயிலை, அவற்றோடு புகையிலை என்று பங்கீடு கொடுத்தார்கள். பல இடங்களில் வேலைக்குக் கூலியே அதுதான். 1966இல் வேவ் ஹில் பண்ணையிலிருந்து வின்சன்ற் லிங்கியாரி தலைமையில் குரிஞ்ஜி மக்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியேறிய நாள்வரைக்கும், அங்கும் சொற்பக் காசும் இந்தப் பங்கீடும்தான் அவர்களுடைய சம்பளம். பசிக்கு மா, பழக்கத்துக்குப் புகையிலை. பழகியவர் மறுநாளும் வரிசைக்கு வந்துதானே ஆகவேண்டும்?

நிவாரண வரிசையில் நின்ற சகோதரிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவன் அளந்து போடுவதைத்தான் தின்ன வேண்டும் என்ற நிலை மனிதரை என்ன செய்யும் என்று நாங்கள் அறிவோம்.

அதன்மேல் இன்னொரு கொடுமையும் நடந்தது. ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை, அரச சட்டங்களின் பெயரால் அபொரிஜினல் பிள்ளைகள் தாய்மாரிடமிருந்து பறிக்கப்பட்டு விடுதிகளுக்கும் வெள்ளையர் வீடுகளுக்கும் அனுப்பப்பட்டார்கள். 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்று அவர்களைச் சொல்வார்கள். 2008 பெப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அன்ரியின் தாயும் அப்படிப் பறிக்கப்பட்ட பிள்ளை. "அம்மா அழுது நான் பாக்கேல்லை. பின்படியில இருந்து புகைக்கிறதைத்தான் பாத்தனான்" என்றார்.

துக்க வீட்டில் சிகரட் பெட்டி கைமாறும். ஒன்றை நீட்டினால் அன்பு, மறுத்தால் மனத்தாங்கல். எங்களுடைய வெற்றிலைத் தட்டத்தை நினைத்துக் கொள்ளுங்கள். இப்படி உறவோடு பின்னிக் கிடப்பதை, 'புகைத்தல் உயிரைக் குடிக்கும்' என்று சுவரில் எழுதிப் பிரிக்க முடியாது.

உயிரைக் குடிப்பது என்னவோ உண்மைதான். 45 வயதுக்கு மேற்பட்ட அபொரிஜினல், ரொறஸ் நீரிணைத் தீவு மக்களின் மரணங்களில் பாதிக்குப் புகைத்தலே காரணம் என்று அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வொன்று 2021இல் கூறியது. ஆயினும் இதே மக்கள்தான் புகையை உதறிக்கொண்டும் வருகிறார்கள். 2002இல் 15 வயதுக்கு மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் நாள்தோறும் புகைத்தார்கள். 2018-19இல் அது நூற்றுக்கு 37 ஆயிற்று. 2022-23இல் 29.

விலையேற்றமும் சட்டமும் இதற்கு உதவின. அவற்றோடு, வேலை அந்த மக்களின் சொந்தக் கைக்கு வந்ததும் ஒரு காரணம் என்றே நான் நினைக்கிறேன். 1971இல் சிட்னி ரெட்பேர்னில் அபொரிஜினல் மக்களே நடத்தும் முதலாவது மருத்துவ நிலையம் தொடங்கியது. இன்று அத்தகைய அமைப்புகள் நாடெங்கும் நூற்றுக்கு மேல் உண்டு. 2010இல் தொடங்கிய புகைத்தல் ஒழிப்புத் திட்டத்துக்கும் அபொரிஜினல் மூத்தவரான ரொம் கால்மாவே தேசிய இணைப்பாளரானார். உள்ளூர் ஆட்கள் உள்ளூர்ப் பேச்சில் கதைத்தார்கள். வீட்டுக்குள்ளும் காருக்குள்ளும் புகைப்பதில்லை என்பதைப் பல குடும்பங்கள் முதற்படியாக எடுத்துக்கொண்டன. முழுதாக விட முடியாதவரும் பிள்ளைக்காக வாசலுக்குப் போவார் அல்லவா?

இப்போது வேப்புக்கு வருகிறேன். இது மின்கலத்தால் ஒரு திரவத்தைச் சூடாக்கி, அந்த ஆவியை உள்ளிழுக்க வைக்கும் சிறு கருவி. வெறும் நீராவி அல்ல. பெரும்பாலும் அதில் நிக்கொட்டின் இருக்கும். மாம்பழம், வத்தகப்பழம் என்று வாசனை போட்டு, பேனையைப் போல நிறம் நிறமாக விற்றார்கள். புகையே தொடாத பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள்ளும் அது போயிற்று. அரசு 2024 ஜனவரி 1இல் ஒருமுறை பாவித்து எறியும் வேப்புகளின் இறக்குமதியைத் தடுத்தது. ஜூலை 1 முதல் மருந்துக்கடைக்கு வெளியே எந்த வேப்பும் விற்கக்கூடாது என்றது. ஆனாலும் சில கடைகளில் மேசைக்குக் கீழே விற்பனை நடந்துகொண்டுதான் இருக்கிறது.

வேப்பின் உதவியால் சிகரட்டை விட்ட பெரியவர்கள் உண்டு, அதை மறைக்கக்கூடாது. அதே நேரம், சிகரட்டையும் விடாமல் வேப்பையும் பிடித்துக்கொண்டவர்கள் அநேகம் பேரை நானே காண்கிறேன். கர்ப்பிணிக்கு அது உகந்ததல்ல. முதலில் ஆள் துணையும் பேச்சும். அது போதாவிட்டால் வைத்தியரின் ஆலோசனையோடு நிக்கொட்டின் சூயிங்கம் போன்றவை. அந்தப் பெண்ணுக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது இவ்வளவுதான்.

"இது இல்லாட்டி என்ர மனம் ஆறாது" என்று புகைப்பவர்கள் சொல்வார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் உள்ளே நடப்பது வேறு. இழுத்த சில விநாடிகளில் நிக்கொட்டின் மூளைக்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் அது குறைய, மனம் பதறத் தொடங்குகிறது. அடுத்த சிகரட் ஆற்றுவது அந்தப் பதற்றத்தைத்தான். நாங்கள் இழந்த ஆளின் துயரம் அங்கேயே இருக்கிறது. விட்டவர்களுக்கு முதல் இரண்டு மூன்று நாள் மிகக் கடினம், சில வாரங்களில் அடங்கும். அதன் பிறகு மனக்கலக்கம் முன்னரைவிடக் குறைகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன.

அந்த முதல் நாட்களுக்கு அன்ரி சொல்லிக்கொடுப்பது இது: ஆசை வந்தால் ஐந்து நிமிடம் தள்ளிப்போடு, தண்ணீரை மெல்லக் குடி, ஆழமாக மூச்சு எடு, கைக்கு ஒரு வேலை கொடு. அவருடைய நிலையத்தில் பெண்கள் வாரத்துக்கொரு நாள் வட்டமாக இருந்து கூடை பின்னுகிறார்கள். அந்த மக்கள் 'யார்னிங்' என்று சொல்லும் கதைபேச்சும் கூடவே நடக்கும். புகையைப் பற்றி ஒருவரும் தொடங்குவதில்லை. யாரோ ஒருத்தி, "நாலு நாளாச்சு" என்பாள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள். பின்னல் தொடரும். சுகம் என்பது ஒரு உடம்பின் விடயம் மட்டுமல்ல, முழுச் சமூகத்தினதும் நலம் என்று அவர்களுடைய 1989ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார உபாயம் எழுதியிருப்பதன் பொருள் அங்கே இருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது.

ஊரில் என் அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர். "வாய்ப் புற்றுநோய் வரும், விடுங்கோ" என்று தொலைபேசியில் பலமுறை சண்டை பிடித்திருக்கிறேன். சென்ற தைப்பொங்கலுக்கு எடுத்தபோது சண்டை பிடிக்கவில்லை. "எப்ப அம்மா தொடங்கினனீங்கள்?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, தம்பி போன மாதம், பதுங்கு குழிக்குள் பக்கத்து ஆச்சி ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்ததையும், அன்றிரவுதான் கண் மூடியதையும் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த இரவைப் பற்றி எங்களில் ஒருவரும் அவரிடம் கேட்டதில்லை.

இப்போது ஞாயிறுதோறும் எடுக்கிறேன். பாதி நேரம் தம்பியைப் பற்றித்தான் கதை. புகையிலையை நான் எடுப்பதில்லை. போன கிழமை அவராகவே, "காலையில மட்டுந்தான் போடுறன்" என்றார். பாக்கும் கெடுதிதான். அதைப் பிறகு ஒரு ஞாயிறு பார்ப்போம்.